முதல் பக்கத்தில் முதல் இடம்

விழுங்கக் கூடாததை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அப்படிப்பட்ட நேரத்தில் கூப்பிடுவதற்கென்றே அந்தப் பெரிய மருத்துவமனையில் ஒரு தொலைபேசி இருந்தது. தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பூச்சிமருந்துப் பெயர்களும் மாத்திரைப் பெயர்களும் எழுதிய அட்டைகள் சுவரெங்கும். பகல் வேளையில் அந்தப் போனை எடுக்கும் நர்ஸ், பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் போன் அக்கா.

போன் அக்காவின் வேலையில் ஒளிவுமறைவு கிடையாது, கண்ணுகளா. அழுகிற குரலை முதலில் பேசுகிற குரலாக மாற்ற வேண்டும். "அழாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன். டப்பாவைக் கையில எடுங்க. மேல என்ன எழுதியிருக்கு, படிங்க." பிறகு செய்ய வேண்டியதைச் சொல்வாள். செய்யக் கூடாததை இன்னும் அழுத்திச் சொல்வாள்.

மருத்துவமனையின் இணையதளத்தில் அந்த அறைக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அவளே எழுதிக் கொடுத்தது. "எதையாவது விழுங்கிவிட்டார்களா? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே கூப்பிடுங்கள்." அதன் கீழே தொலைபேசி எண், கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற அளவில். பக்கம் முடிந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மருத்துவமனை இயக்குநர் ஒரு நாள் தம் கணினியில் தேடுபொறியைத் திறந்து 'விஷம்' என்று தட்டினார். ஏன் தட்டினார் என்று கேட்காதீர்கள். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா? முதலில் ஓர் எலிமருந்துக் கடை வந்தது. அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டி மருத்துவமனை. மூன்றாவதாக, 'உங்கள் இல்லறத்தில் விஷம் கலந்திருக்கிறதா?' என்று ஒரு கட்டுரை. நம் மருத்துவமனை இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"ரெண்டாம் பக்கமா!" இயக்குநர் போட்ட கூச்சல் வராந்தா வரை கேட்டது. "ரெண்டாம் பக்கத்துக்கு எவன்யா போறான்? அது பாழுங்கிணறு!"

அந்த வாரமே 'முதலிடப் பிரிவு' பிறந்தது. நோயாளிகளோடு வந்தவர்கள் உட்காரும் கூடத்தில் பெஞ்சுகளை அகற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்பும் குளிர்சாதனமும் போட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் மாடிப்படிக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரிவின் தலைவராக வந்தவர் அதற்கு முன்னால் ஒரு மெத்தை கம்பெனியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர். மெத்தையை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவருக்கு விஷம் எம்மாத்திரம்? அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் மருத்துவமனை முழுக்க அவருக்கு மெத்தைக்காரர் என்ற பேர் விழுந்துவிட்டது.

மெத்தைக்காரர் போன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க சிஸ்டர். உங்க பக்கத்தைப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சாப்பாடே இறங்கல."

அவளுக்குப் பகீரென்றது. "ஏன் சார், நம்பர் தப்பா இருக்கா?"

"நம்பர் சரியா இருக்கு. எடுத்த எடுப்புலயே இருக்கு. அதுதான் பிரச்சினை."

"புரியல சார்."

"வர்றவங்க என்ன பண்றாங்க? நம்பரைப் பாக்கறாங்க, போன் பண்றாங்க, போயிடறாங்க. பக்கத்துல ஒரு நிமிஷம்கூட நிக்கறதில்ல. அது என்ன நினைக்கும்?"

"எது சார்?"

மெத்தைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தேடுபொறி."

பிரிவில் இருந்த எல்லாரும் அதை 'அது' என்றுதான் சொன்னார்கள். சொல்லும்போது லேசாக மேலே பார்த்தார்கள். அதற்கு நீளமான பக்கம் பிடிக்கும். அதற்குக் கேள்வி வடிவில் தலைப்பு வைத்தால் பிடிக்கும். போன மாதம் அதற்குப் பிடித்தது இந்த மாதம் பிடிக்காமல் போகலாம். அதற்கு என்ன பிடிக்கும் என்று அது யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காலையில் வந்ததும் மெத்தைக்காரரின் உதவியாளர் பெண் 'விஷம்' என்று தட்டி, எத்தனையாவது இடம் என்று பார்த்து உரக்கச் சொல்வாள். ஓர் இடம் இறங்கியிருந்தால் அன்றைக்கு யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

"நிமிஷத்துக்குள்ள போயிட்டாங்கன்னா, இங்க வந்தவனுக்கு வேண்டியது கிடைக்கலன்னு அது முடிவு பண்ணிடும்," என்றார் மெத்தைக்காரர்.

"வேண்டியது கிடைச்சதாலதானே சார் போறாங்க?"

"அது உங்க பார்வை சிஸ்டர்."

பக்கத்தைப் புதிதாக எழுதினார்கள். போன் அக்காவின் மூன்று வரி ஒரு சிறு புத்தகமாக வீங்கியது. தேடுகிறவர் தட்டும் சொல் பக்கத்தில் திரும்பத் திரும்ப வர வேண்டுமாம். ஆகவே இப்படி ஆரம்பித்தது: "விஷம் என்பது விஷமாகும். விஷத்தை விழுங்கியவர்கள் விஷ முதலுதவி தேடும்போது சிறந்த விஷ மருத்துவமனை எது என்று விஷம் பற்றிச் சிந்திக்கிறார்கள். விஷத்துக்கு நாங்கள் இருக்கிறோம்." போன் அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். விஷத்தை இவர்கள்தான் விற்கிறார்களோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதன் கீழே ஒரு படம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நாலு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பார்வை இல்லாதவர்களுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று கருவி படித்துச் சொல்ல, படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அந்த வரியில் எழுதியிருந்தார்கள்: 'விஷம் குழந்தை விஷம் முதலுதவி மலிவு அருகில்'.

"கண்ணு தெரியாதவங்க இதைக் கேட்டா என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள் போன் அக்கா.

"அவங்களுக்காக எழுதல சிஸ்டர்," என்றாள் உதவியாளர் பெண், கூசாமல். "அதுக்காக எழுதினது."

பிறகு மற்ற இணையதளங்கள் 'இங்கே போய்ப் பாருங்கள்' என்று நம் பக்கத்தைக் கைகாட்ட வேண்டும், அப்போதுதான் அது நம்மை மதிக்கும் என்றார்கள். கைகாட்ட யார் சும்மா வருவார்கள்? ஒரு சிமெண்ட் கம்பெனி சம்மதித்தது. பதிலுக்கு, விஷம் விழுங்கியவரைப் படுக்க வைக்கும் முறை பற்றிய பத்தியின் நடுவே 'உறுதியான வீட்டுக்கு உறுதியான சிமெண்ட்' என்று நாம் கைகாட்டினோம். இந்தக் கூத்தையெல்லாம் போன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். அவளுக்கு ஒரே கவலைதான்: நம்பர் எங்கே?

"இருக்கு, இருக்கு," என்று மெத்தைக்காரர் விரலால் திரையை இழுத்தார். இழுத்தார். இன்னும் இழுத்தார். "இதோ."

'விஷத்தின் வரலாறு' கடந்து, 'உலகின் அழகான விஷப் பூக்கள்' கடந்து, எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு வரிசைபோல் நம்பர் இருந்தது. அதற்கு முன்னால் கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: 'வாந்தி எடுக்க வைக்கலாமா?' கேள்வி மேலே இருந்தது. பதில் நம்பருக்குப் பக்கத்தில், அடியில் இருந்தது.

"பதிலைக் கேள்விக்குக் கீழயே போடலாமே சார்?"

"போட்டா படிச்சிட்டுப் போயிடுவாங்களே!"

இந்தப் பக்கம் மருத்துவரீதியாகச் சரி என்று அவள் தலையாட்டினால்தான் வெளியிட முடியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கூத்து. மாமியார் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. வெளியே அவள் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு போனில் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மாட்டிக்கிட்ட தாழ்ப்பாளைத் திறக்கறது எப்படின்னு பாத்துட்டு இருக்கேன். 'மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்தே பாதுகாப்பு'ன்னு ஆரம்பிச்சிருக்கான். இப்பத்தான் வெண்கலக் காலத்துக்கு வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து மாமியார் கதவைத் தட்டினார். "டேய்! கதவைத் திறக்கப்போறியா, இல்ல எனக்குப் பாடம் நடத்தப்போறியா? குளிர்ல விறைச்சுப் போறேன்டா!"

"இரும்மா, அடுத்த தலைப்பு வந்துட்டா திறந்துடலாம்."

போன் அக்கா திருப்புளியை எடுத்து வந்து கீலைக் கழற்றினாள். மாமியார் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, மகனை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு மகனோடு பேசவில்லை.

மறுநாள் காலை அவள் நேராக முதலிடப் பிரிவுக்குப் போனாள். மாமியார் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். இதைக் கேட்டால் எந்த மனுஷனுக்கும் புரிந்துவிடும் என்று நம்பினாள். மெத்தைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் படிச்ச அந்தப் பக்கம் எத்தனையாவது இடத்துல இருந்துச்சு?"

"முதல் இடத்துல."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார். "சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். நம்பர் உச்சியில இருந்து பக்கம் பாழுங்கிணத்துல கிடந்தா யாருக்கு லாபம்? தேடுறவன் முதல்ல வர்ற எலிமருந்துக் கடைக்குத்தான் போன் பண்ணுவான். முதல்ல நாம மேல போவோம். ஆள் வரட்டும். அப்புறம் நம்பரை மேல தூக்கிடலாம். என் வார்த்தை."

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. எலிமருந்துக் கடைக்கு ஒரு தாய் போன் போடுவதை நினைத்தாள். தலையாட்டினாள். தங்கங்களா, ஆகாததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. கெட்டவன் பொய் சொல்லி அல்ல, களைத்துப்போன நல்லவள் ஒருத்தி தலையாட்டி.

பக்கம் மேலே ஏறியது. இல்லற விஷத்தைத் தாண்டியது. போட்டி மருத்துவமனையைத் தாண்டியது. ஒரு காலையில் உதவியாளர் பெண் 'விஷம்' என்று தட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதல் பக்கம், முதல் இடம்! கேக் வெட்டினார்கள். இயக்குநர் ஒரு துண்டை எடுத்து மெத்தைக்காரர் வாயில் ஊட்டினார்.

போன் அக்காவின் அறையில் போன் அடிப்பது குறைந்தது. முதலில் அவள் கவனிக்கவில்லை. பிறகு அந்த மௌனம் அவள் காதைக் குடைந்தது. ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று கேட்டு, திரும்ப வைப்பாள். ஊரில் குழந்தைகள் விழுங்குவதை நிறுத்திவிட்டார்களா என்ன?

ஆமாம் என்றார் இயக்குநர். மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "அழைப்புகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன! எதைக் காட்டுகிறது இது? மக்கள் நம் பக்கத்தைப் படித்தே குணமடைகிறார்கள். இனி அந்தத் தொலைபேசி அறை எதற்கு? முதலிடப் பிரிவுக்கு இடம் போதவில்லை என்கிறார்கள். அடுத்த மாதம் அதை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்."

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த எக்ஸ்ரேக்காரர் குனிந்து, "அக்கா, உங்க ரூமுக்கு ஏசி வரப்போகுது," என்றார்.

"எனக்கு வராது," என்றாள் அவள்.

கூட்டம் முடிந்த கையோடு மெத்தைக்காரரைப் பிடித்தாள். "மேல போயாச்சில்ல சார். நம்பரை மேல தூக்குங்க. வார்த்தை கொடுத்தீங்க."

"இப்பவா? இப்பத்தான் தொடவே கூடாது. முதலிடத்துல இருக்கற பக்கத்துல கை வெச்சா அதுக்குப் பிடிக்காது."

அவள் ஒரு வெள்ளை அட்டையில் நம்பரைப் பெரிதாக எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டினாள். மதியத்துக்குள் காவலாளி அதைக் கிழித்துக்கொண்டு வந்து அவளிடமே கொடுத்தார். "மன்னிச்சுக்கக்கா. ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதாம். அதுக்குப் பிடிக்காதாம்." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எதுக்குப் பிடிக்காதுன்னு மெத்தைக்காரரைக் கேட்டேன். மேல கையைக் காட்டினாரு. இயக்குநரைச் சொல்றாருன்னு நினைச்சு விட்டுட்டேன்."

இரண்டு நாள் கழித்து, காலையில், அவள் கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது தையல்காரர் ஒருவர் ஓடி வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. ஒரு கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. இன்னொரு கையில் போன், திரை எரிந்தபடி. குழந்தையின் உதடு வெந்து வெளுத்திருந்தது. அழ வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன குடிச்சுச்சு?"

"பாத்திரம் கழுவற தொட்டி அடைச்சிருந்துச்சுக்கா. அடைப்பு எடுக்கற காரத்தைத் தண்ணி டம்ளர்ல ஊத்தி வெச்சிருந்தோம்..."

"வாந்தி எடுத்துச்சா?"

"நான்தான் எடுக்க வெச்சேன்."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். தையல்காரர் பின்னாலேயே பேசிக்கொண்டு ஓடி வந்தார். நிறுத்தினால் விழுந்துவிடுவார் போல.

"போன் பண்ணலாம்னுதான் தேடினேன். உங்க ஆஸ்பத்திரிதான் முதல்ல வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. வாந்தி எடுக்க வைக்கலாமான்னு பெரிசா போட்டிருந்துச்சு. பதிலைத் தேடி இழுத்துக்கிட்டே போனேன். சிரிக்கற குடும்பம் வந்துச்சு. சிமெண்ட் வந்துச்சு. பூ வந்துச்சு. நடுவுல, இந்தப் பக்கம் பயனுள்ளதா இருந்துச்சான்னு ஒரு பெட்டி வந்து மறைச்சுக்கிச்சு. ஆமான்னு அமுக்கினேன், அப்பவாவது வழி விடும்னு. பாப்பா துடிக்குது. ஆஸ்பத்திரிக்காரங்களே கேக்கறாங்கன்னா செய்யலாம்னுதானே அர்த்தம்னு... விரலை விட்டு..."

உள்ளே போகும்போது ஒருமுறை சுட்ட காரம், வெளியே வரும்போது மறுபடி சுட்டிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஆனால் தொண்டை சுருங்கிப் போகும், விழுங்குவதற்கு வருஷக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும், குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

போன் அக்கா சீருடையில் கறையோடு முதலிடப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். நடந்ததைச் சொன்னாள். கத்தவில்லை, கத்தினால் வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மெத்தைக்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ச்சே. அவர் கடைசி வரைக்கும் போகலையா?"

"என்ன கேட்டீங்க?"

"இல்ல, பதில் கீழ இருக்கே. நிறைய பேர் பாதியிலயே விட்டுடறாங்க சிஸ்டர். அதை எதிர்த்துத்தான் நாங்க ராப்பகலா போராடறோம்."

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. நீங்களாக இருந்தால் அறைந்திருப்பீர்கள். நானும் அறைந்திருப்பேன். அவள் நர்ஸ். அறைந்தால் அந்தக் காயத்துக்கும் அவள்தான் கட்டுப் போட வேண்டும்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு விருது வந்தது. 'ஆண்டின் சிறந்த முதலிடம்' என்று கண்ணாடியில் செதுக்கி, பல ஊர் மருத்துவமனைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். பெரிய கூடத்தில் விழா. ஊழியர்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. போன் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் பேசினார். "ஒரு காலத்தில் மருத்துவமனை என்றால் நோயாளிகள் வந்துபோகும் இடம் என்று நினைத்தோம். இன்று நாம் அந்தக் குறுகிய பார்வையிலிருந்து விடுபட்டிருக்கிறோம். நோயாளி வருவார், போவார். இடம் நிலைக்கும்!"

மெத்தைக்காரர் திரையில் ஒரு படம் போட்டார். நீல நீலமாகக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பமும் ஒருவர் நம் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று காட்டுவதாம். எல்லாம் முழங்கால் உயரம். ஒன்று மட்டும் திரையின் மேல்விளிம்பை முட்டி நின்றது.

"இந்த வாசகரைப் பாருங்கள்!" மெத்தைக்காரரின் குரல் தழுதழுத்தது. "பிரிவு தொடங்கிய நாளிலிருந்து நம் பக்கத்தை இவ்வளவு நேரம், இவ்வளவு ஆழமாக வாசித்தவர் யாருமில்லை. மேலே போகிறார், கீழே வருகிறார், மறுபடி மேலே போகிறார். பார்த்த வரியையே திரும்பவும் பார்க்கிறார். பயனுள்ளது என்று வாக்கும் அளித்திருக்கிறார். யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் இந்த மேடையிலேயே அவரைக் கௌரவித்திருப்போம்."

கம்பத்தின் அடியில் தேதி இருந்தது. போன் அக்கா அதைப் படித்தாள். அவள் கால்கள் தாமாக எழுந்தன.

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும் சார்."

கூடமே திரும்பியது.

"இங்கதான் இருக்காரு. மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு."

ஏன் அங்கே இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இயக்குநர் பரவசமாகிவிட்டார். மேசை மேலிருந்த பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டார். மெத்தைக்காரர், உதவியாளர் பெண், புகைப்படக்காரர், எல்லாரும் லிஃப்டை அடைத்துக்கொண்டு மேலே போனார்கள். இடம் இல்லாததால் போன் அக்கா படியேறினாள். படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்காக முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பூங்கொத்து தையல்காரரின் கையில் திணிக்கப்பட்டிருந்தது. கட்டிலில் குழந்தை மூக்கில் குழாயோடு தூங்கியது. புகைப்படக்காரர், "குழந்தை பக்கம் கொஞ்சம் நகருங்க, நல்லா வரும்," என்றார்.

"எங்க பக்கத்தை இவ்வளவு நேரம் படிச்சதுக்கு ரொம்ப நன்றி," என்றார் மெத்தைக்காரர். "உங்களை மாதிரி வாசகர்தான் எங்களுக்கு உயிர். அதுல எது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?"

தையல்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். போன் அக்காவின் முகத்தில் கொஞ்சம் நின்றார். பக்கத்தில் அவர் தேடிக் கிடைக்காத பதிலை அவள் ஏற்கெனவே, அந்தக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

பூங்கொத்தைத் தரையில் வைத்தார்.

"ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க சார். வாந்தி எடுக்க வைக்கலாமா, கூடாதா? அதுக்குப் பதிலை இப்பவாவது சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

இயக்குநர் மெத்தைக்காரரைப் பார்த்தார். மெத்தைக்காரர் உதவியாளர் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கேமரா கீழே இறங்கியது.

"அது... பக்கத்துலயே தெளிவா இருக்குங்க," என்றார் மெத்தைக்காரர். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "ஒரு நிமிஷம்."

விஷம் என்று தட்டினார். முதல் பக்கத்தில் முதலாவதாக வந்தது. திறந்தார். கட்டைவிரலால் திரையை இழுக்க ஆரம்பித்தார். இழுத்தார், இழுத்தார். சிரிக்கிற குடும்பம் போனது, சிமெண்ட் போனது. ஒரு பெட்டி வந்து மறைத்தது. அதை அமுக்கி மூடினார். மறுபடி இழுத்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் தையல்காரர், கட்டில் கம்பியைப் பிடித்தபடி. "நான் இருக்கேன். பாப்பாவும் எங்கயும் போகாது."